பால் காய்ச்சும் முன் போட்ட ஊசி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஆர்டரில் வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்மேல் வருத்தப்படக் கூடாது.

சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக் எல்லாம் அடிப்போம். இடையிடையே நான் கதையும் எழுதுவேன். கதை எழுதுகிறவள் என்று தெரிந்து ஆர்டர் கொடுப்பவர்கள் குறைவு. தெரிந்ததும் ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

சபரீஷ் தெரிந்தே வந்தார். பெருந்துறைக்கு அந்தப் பக்கம் செங்காட்டுப்புதூர் என்று ஓர் ஊர். அங்கே உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில்தான் அவருடைய அப்பா நஞ்சுண்டன் படித்தார். இப்போது அவர்களுடைய அறக்கட்டளை அந்தப் பள்ளிக்குப் புதுக் கட்டிடம் கட்டியிருக்கிறது. திறப்பு விழா கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் விழா மலரை இப்போதே தயார் செய்ய வேண்டும் என்றார்.

“வாழ்த்துரை, போட்டோ எல்லாம் நாங்களே குடுத்தர்றமுங்கக்கா. நடுவுல ஒரு கதை வேணுமுங்க. நெசத்துல நடந்தாட்ட இருக்கோணும், ஆனா கதையா இருக்கோணும். டீச்சரைப் போய்ப் பாருங்க, அவங்க சொல்லுவாங்க.”

“சரிங்க தம்பி.”

“ஒரே ஒரு விசயமுங்க. அந்த ஊசி மேட்டர் மட்டும் வேண்டாமுங்க.”

ஊசி மேட்டர் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு போயிருந்தால், நான் கட்டிடத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி, பல்லை இளித்துக்கொண்டு பில் போட்டிருப்பேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே, இனி எனக்குச் சோறு இறங்குமா? மறுநாளே பெருந்துறை பஸ் ஏறிவிட்டேன்.

2

தொடங்கிப் பார்த்தவை:

“செங்காட்டுப்புதூர் மக்களின் நெடுநாள் கனவு நனவாகும் இந்நன்னாளில்—”

[இதற்குக் கீழே யாராவது பெரிய அதிகாரியின் கையெழுத்தையும் போட்டோவையும் வைத்தால் வாழ்த்துரை ஆகிவிடும். வேண்டாம்.]

“பக்கத்து ஊரில் ஒரு சிறுவன் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனான். அவன் பெயர்—”

[பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு என் கதையைத் தொடங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவன் செத்துப்போனான் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. அவனால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளில் ஊசி விட்டுப்போன பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுவிட வேண்டும் என்று ஆளனுப்பினார்கள்.]

“பொற்கொடி டீச்சர் பூட்டைத் திறந்தார்.”

இது பரவாயில்லை. ஒருத்தர் ஒரு காரியம் செய்கிறார். இதை வைத்துக்கொள்கிறேன்.

3

பொற்கொடி அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை. நான் போன அன்று சத்துணவுக் கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பழைய வகுப்பறைகளைச் சுவர் வெடித்துவிட்டது என்று அதிகாரிகள் இடித்துப் போட்டுவிட்டார்கள். இடிக்க ஆணை வந்தது, கட்ட ஆணை வரவில்லை. அறக்கட்டளை கட்டியது இன்னும் பள்ளியின் கைக்கு வரவில்லை. பெரிய பிள்ளைகள் புளியமரத்தடியில், சின்னப் பிள்ளைகள் சமையல் நடக்கும் கூடத்தில். சாம்பாருக்குத் தாளித்தால் இரண்டாம் வகுப்பு மொத்தமாக இருமுகிறது. நானும் சேர்ந்து இருமினேன்.

“தை மாசத்துக்குள்ள புதுக் கட்டிடம் கைக்கு வராட்டி, புள்ளைகளப் பக்கத்து ஊருப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திருவாங்களாமுங்க” என்றார் டீச்சர். “நடுவுல பைபாஸ் ரோடுங்க. லாரி என்ன வேகத்துல போகுதுன்னு பாத்தீங்கல்ல? எந்தத் தாய்தகப்பன் அனுப்புவாங்க? வசதி இருக்கறவங்க பிரைவேட்டுக்குப் போயிருவாங்க. மத்தது படிப்ப உட்டுரும். அப்பறம் புள்ளையே இல்லைன்னு நம்ம பள்ளிக்கூடத்தைப் பூட்டிருவாங்க.”

ஆகவே அவருக்குக் கட்டிடம் வேண்டும். அந்தச் சிறுவன் செத்த நாளிலிருந்து அவருக்கு ஊசியும் வேண்டும். இந்தக் கதையில் நடப்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வேறு மர்மம் எதையும் தேடாதீர்கள்.

நஞ்சுண்டன் வீட்டுக்கு அவர் நன்றி சொல்லப் போயிருக்கிறார். பொற்கொடியின் அப்பா அந்த வீட்டுத் தோட்டத்தில்தான் பண்ணையத்தில் இருந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலாளியைப் “பண்ணாடி” என்று வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்ட மனுசன். மகள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து “சார்” என்று கூப்பிட்டார். நஞ்சுண்டன் ஊருக்கு முன்னால் அவரை “டீச்சர்” என்பார். வீட்டுக்குள் “அம்மணி”.

“அம்மணி, கட்டிடம் என்னுதுன்னு நெனச்சுக்காதீங்க, புள்ளைகளுது. ஒண்ணே ஒண்ணு. அதுக்குள்ள இந்த ஊசி போடற சோலி மட்டும் ஆகாது. கொழந்தைக ஒடம்பு சாமி குடுத்தது. அதுல வெசத்தை ஏத்தறதுக்கு நான் செவுரு கட்டிக் குடுக்கலீங்க.”

“அப்படீன்னா அதை எழுத்துல குடுத்துருங்க சார். பி.இ.ஓ. ஆபீசுக்கு அனுப்பிப்போடறேன்.”

“அட, நமக்குள்ள எதுக்கம்மணி எழுத்தெல்லாம்? காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க.”

இதை என்னிடம் சொல்லும்போது டீச்சர் சிரித்தார். “காப்பியைக் குடிச்சேனுங்க. சரின்னு சொல்லலீங்க. அந்த ஊட்டுல என்ற அப்பனுக்குக் கொட்டாங்குச்சியிலதான் ஊத்துவாங்க. எனக்கு எவர்சில்வர் டம்ளர். அதனால டம்ளர வாங்குன கையோட தலையையும் ஆட்டிருவேன்னு நெனச்சுட்டாரு.”

* பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை, கதைக்கு வெளியே. இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூட பெஞ்சுகளில் உபயதாரர் பெயரைத் தகட்டில் பொறித்து அடித்திருப்பார்கள். சரியாக எழுதுகிற கை அழுந்தும் இடத்தில். பரீட்சை முடிந்து எழுந்திருக்கும் பிள்ளையின் முன்கையில் அந்தப் பெயர் தலைகீழாகப் பதிந்திருக்கும். கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. கொடுக்கட்டும், மகராசர்கள். நாம் வரி கட்டுகிறோமே, அந்தக் காசில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாலு சுவர் எழுப்ப முடியாதா என்று கேட்க வந்தேன். ஒரு டீச்சரம்மா ஏன் ஒருத்தர் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்? சரி, கதைக்கு வருகிறேன்.

4

நஞ்சுண்டன் எனக்குச் சரியாக வரவில்லை.

கெட்டவராக எழுதிவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் அந்த ஆள் கெட்டவர் இல்லை. என்ன கெரகமோ, நல்ல மனுசனாகப் போய்விட்டார். காலையில் முளைகட்டிய பயறு, மத்தியானம் கம்மங்கூழ். மாத்திரை என்று ஒன்றைக் கையால் தொட்டதில்லை. சனிக்கிழமைதோறும் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே கூழ் ஊற்றுகிறார். புளியமரத்தடியில் பிள்ளைகள் மண்ணில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை டீச்சரே சொன்னார். அந்தக் கண்ணீரில்தான் கட்டிடம் எழும்பியது. மில்லை நடத்திச் சம்பாதித்ததைத் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிஜமாகவே இருந்தது.

ஆகவே அவருக்கு ஒரு காரணம் வேண்டும் என்று நினைத்து இப்படி எழுதினேன்:

“நஞ்சுண்டனுக்கு ஒரு தங்கை இருந்தாள். ஏழு வயதில் ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் கண்டு, அவர் மடியிலேயே—”

[இந்தத் தங்கையை நான்தான் உண்டாக்கினேன். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அதில்தான் சந்தேகம் வந்தது. ஒருத்தர் ஒன்றைத் தப்பாக நம்புவதற்கு ஒரு செத்த குழந்தையை ஏன் கொண்டுவர வேண்டும்? பக்கத்து ஊரில் நிஜமாகவே ஒன்று செத்துக் கிடக்க, நான் கற்பனையில் இன்னொன்றைச் சாகடித்து தராசின் எதிர்த்தட்டில் வைக்கிறேன். தங்கச்சி, நீ போய்விடு. உனக்கு ஊசியும் இல்லை, காய்ச்சலும் இல்லை.]

அவர் நம்புகிறார், அவ்வளவுதான். நிறையப் பேர் காரணம் இல்லாமலேதான் நம்புகிறோம். வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், இயற்கை வைத்திய முகாமில் யாரோ பேசியிருப்பார்கள், தன் உடம்புக்கு ஒத்துக்கொண்டது எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளும் என்று தோன்றியிருக்கும். நம்புவதை விடுங்கள். தன் நம்பிக்கையை அடுத்தவர் பிள்ளையின் கையில் வைத்துக் கட்டலாமா? அங்கேதான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

5

ஊசி போட்ட நாளை இப்படி எழுதினேன். முழுதாகப் படியுங்கள். சுமாராக நன்றாகவே வந்திருக்கிறது.

“ஐப்பசி வானம் காலையிலேயே இருண்டு கிடந்தது. நர்சம்மா தன் நீல நிற ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குள் நுழையவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. புளியமரத்தடியில் போட்ட மேசை நனைந்தது. பிள்ளைகள் புத்தகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடின. சத்துணவுக் கூடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எங்கே போவது? பொற்கொடி டீச்சர் மழையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், புதுக் கட்டிடத்தைப் பார்த்தார். நனைந்த முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தார்.”

பெஞ்சு இறக்குவதற்காகச் சாவி அன்று டீச்சரிடம்தான் இருந்தது. அது நிஜம். இதை எழுதி டீச்சருக்கும் சபரீஷுக்கும் அனுப்பினேன். ஊசியைப் பற்றி எழுதியதற்கு சபரீஷ் ஆர்டரை ரத்து செய்வார், வயிற்றெரிச்சல் போகும், வேறு வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் கூப்பிட்டது டீச்சர்.

“ஏனுங் மேடம், பொற்கொடி பேசறேனுங்க. கதை படிச்சேன்.”

“எப்படிங்க இருந்துச்சு டீச்சர்?”

“நல்லாத்தானுங்க இருக்குது. மழையை யாருங்க பெய்யச் சொன்னது?”

எனக்குப் புரியவில்லை. “ஐப்பசிதானுங்களே?” என்றேன்.

“ஐப்பசின்னா? அன்னைக்கு நல்ல வெயிலுங்க. மண்டையப் பொளக்கற வெயிலு. ஒரு பொட்டு மழை இல்லீங்க.”

“அப்பறம் எதுக்குங்க புதுக் கட்டிடத்தைத் தொறந்தீங்க?”

“அதைத்தானுங்க உங்ககிட்டச் சொன்னேன், நீங்க காதுல வாங்கலையாட்ட இருக்குது. திறப்பு விழா முடிஞ்சுபோச்சுன்னா அது அவரு சொல்லு கேக்கற கட்டிடமாப் போயிரும். ஊசி போடாத கட்டிடம்னு பேரு வந்துரும். அப்பறம் எந்த டீச்சர் வந்தாலும் மாத்த முடியாது. முன்னாடியே போட்டாத்தான் அது பள்ளிக்கூடமுங்க. நான் தெரிஞ்சு தொறந்தேன். வேணும்னே தொறந்தேன். மழை மேல பழியப் போடாதீங்க.”

போனை வைத்துவிட்டு நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். நான் நேரில் போய்க் கேட்ட கதை. டீச்சர் சொல்லும்போது தலையாட்டிக்கொண்டு இருந்தவள் நான். ஆனாலும் எழுத உட்கார்ந்ததும் கை தானாக ஒரு மழையைக் கொண்டுவந்து, ஒரு பெண் தெரிந்தே செய்த காரியத்துக்குச் சாக்கு ஒன்றைத் தேடிக் கொடுத்திருக்கிறது. அவரை நல்லவராகக் காட்ட வேண்டுமென்று எனக்கு ஆசை. தைரியசாலியாகக் காட்டினால் போதும் என்று ஏன் தோன்றவில்லை?

6

திருத்திய பகுதி. மழை இல்லை.

பொற்கொடி டீச்சர் பூட்டைத் திறந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. புளியமரத்தடி காலியாகத்தான் இருந்தது. மேசையை அங்கே போட்டிருக்கலாம், நர்சம்மாவும் அங்கேதான் போடப்போனார்.

“இங்க வாங்க நர்சம்மா” என்று கதவைத் தள்ளினார் டீச்சர்.

உள்ளே பெயின்ட் வாசம் போகவில்லை. நர்சம்மா வாசற்படியில் நின்றுவிட்டார். “டீச்சர், இன்னும் பால் காய்ச்சலையாட்ட இருக்குதே?”

இந்தப் பக்கத்தில் புது வீடோ கடையோ, முதலில் பால் பொங்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ளே ஒரு சுடுசொல், ஓர் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த இடம் விளங்காது என்பார்கள். நஞ்சுண்டன் வீட்டில் மாடு கன்றோடு பள்ளிக்குள் நுழைவதற்கு நல்ல நேரம்கூடக் குறித்து வைத்திருந்தார்கள்.

“பால் அவங்க காய்ச்சிக்குவாங்க. நீங்க பெட்டியத் தொறங்க” என்றார் டீச்சர்.

முதல் ஆள் ஐந்தாம் வகுப்பு சாய்ப்ரியா. வரிசையில் வரும்வரை சிரித்துக்கொண்டு இருந்தவள், நர்சம்மா பஞ்சை எடுத்ததும் கத்தினாள் பாருங்கள் ஒரு கத்தல். புதுச் சுவர், சாமான் எதுவும் இல்லாத அறை. அந்தச் சத்தம் மோதி எதிரொலித்து ரோடு வரைக்கும் கேட்டிருக்கிறது. அவளைப் பார்த்து அடுத்தது அழுதது, அதைப் பார்த்து அதற்கடுத்தது. அந்தக் கட்டிடம் கேட்ட முதல் சத்தம் அதுதான். ஒரு பிள்ளை விடாமல் போட்டு முடித்து, அரைமணி நேரம் உள்ளேயே உட்காரவைத்து, ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்து அனுப்பினார் டீச்சர்.

சாயங்காலம் நஞ்சுண்டன் வந்தார். கோபத்தில்கூட அவருக்கு மரியாதை குறையவில்லை. எங்கள் பக்கத்தில் கழுத்தை நெரித்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் நெரிப்போம்.

“ஏனுங்க டீச்சர், இதுக்கா நான் கட்டுனேன்? புது எடத்துல மொதச் சத்தம் கொழந்தைக அழுகறதுங்களா? உங்குளுக்கு மனசு வந்துச்சுங்களா?”

“அழுதா ஒண்ணும் ஆயிராதுங்க சார். தொண்டை அடைப்பான் வந்தா அழுகறதுக்குக் கொரலே வராதுங்க.”

மறுநாள் காலை கதவில் வேறு பூட்டுத் தொங்கியது. கட்டிடம் இன்னும் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்படவில்லை, ஆகவே பூட்டுப் போட அவருக்கு உரிமை உண்டாம். டீச்சர் வட்டாரக் கல்வி அலுவலரான பி.இ.ஓ.வைக் கூப்பிட்டார். “டோனர் மனசு நோகாமப் பாத்துக்குங்க மேடம்” என்று அவர் சொல்லிவிட்டார். டோனர் மனசுக்கு ஊசி எதுவும் கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது.

7

சாய்ப்ரியாவுக்கு அன்றே காய்ச்சல் வந்தது. [இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன். எழுதினால் நஞ்சுண்டன் கட்சிக்கு ஆதாயம். ஆனால் வந்ததை வரவில்லை என்று எழுதினால், மழையைப் பெய்யவைத்த பழைய புத்திதான்.]

அவளுடைய அம்மா அன்புச்செல்வி பெருந்துறையில் ஒரு கம்பெனியில் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறவர். ஷிப்டுக்குப் போகாமல் பள்ளி கேட்டுக்கு வந்து நின்றார்.

“என்ற புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குதுங்க டீச்சர்! பால் காய்ச்சாத எடத்துல கொண்டுபோய் ஊசி போட்டிருக்கறீங்களே, வெளங்குமாங்க? ஊரே பேசுது. உங்குளுக்குப் புள்ளை இருந்தா இப்புடிச் செய்வீங்களா?”

டீச்சருக்குப் பிள்ளை இல்லை. வகுப்பை இன்னொருத்தரிடம் விட்டுவிட்டு அன்புச்செல்வியோடு வீட்டுக்குப் போனார். பாயில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டார்.

“ஒரு நாள் வருமுங்க, போயிரும். நாளைக்கு எறங்காட்டி நானே வண்டில வெச்சு ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போறேன். அதுவரைக்கும் இங்கயேதான் இருப்பேன். என்னைய வையறதுன்னா வெய்யுங்க.”

பயந்திருந்தார். என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். “ஊசி மேல சந்தேகம் இல்லீங்க. ஆனா அந்தப் புள்ளைக்கு வேற எதாச்சும் வந்திருந்தாக்கூட என்ற தலைலதான் விடியும். அப்பறம் இந்த ஊர்ல ஒருத்தரும் ஊசிக்குக் கை நீட்ட மாட்டாங்க.”

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கு அடுத்த நாள் அன்புச்செல்வி திரும்பவும் பள்ளிக்கு வந்தார், கையில் ஒரு சட்டியும் தூக்குப் போசியில் பாலும் கொஞ்சம் சுள்ளியும். பூட்டிய கட்டிடத்தின் படிக்கு முன்னால் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்.

“என்ன அன்பு இது?”

“பால்தானுங்களே காய்ச்சோணும்? ஆளாளுக்கு அதையே சொல்லிச் சொல்லி என்ற உசுர வாங்கறாங்க. காய்ச்சிப்போட்டாத் தீந்துச்சு. இனி எவனும் வெளங்காதுன்னு சொல்லட்டும், பாத்துக்கறேன்.”

பால் பொங்கி நெருப்பில் வழிந்தது. பிள்ளைகள் கைதட்டின. நஞ்சுண்டன் போட்ட பூட்டுக்கு முன்னால், அவர் குறித்த நேரத்துக்கு முன்னால், அவர் வீட்டுத் தோட்டத்தில் களை பறித்தவர்களின் பேத்தி பால் பொங்க வைத்துவிட்டார். ஆளுக்கு ஒரு மடக்குப் பால் கிடைத்தது, கதவு மட்டும் திறக்கவில்லை.

8

டீச்சர் போன் செய்த பிறகுதான் சபரீஷ் என் அச்சகத்துக்கு வந்தார். நான் முதலில் அனுப்பிய கதை அவர் கையில் இருந்தது. மழைக் கதை. ஆர்டரை ரத்து செய்யத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, சூப்பருங்க! இதே போதுமுங்க. அப்பாகிட்டப் படிச்சுக் காட்டுனேன். ‘அப்படியா, மழையா?’ன்னு கேட்டாருங்க. அவருக்கும் உள்ளுக்குள்ள தொறந்து உடோணும்னுதானுங்க ஆசை. ஊருக்கு முன்னால பூட்டுனதை எப்படிங்க சும்மா தொறப்பாரு? மழைனால வேற வழியில்லாமப் போட்டாங்க, டீச்சர் மேல தப்பில்லைன்னு மலர்ல வந்துருச்சுன்னா, அவரு பெருந்தன்மையா உட்டுக்குடுத்த மாதிரி ஆகிருமுங்க. மக்யா நாளே தொறந்தரலாம்.”

“அன்னைக்கு மழை பெய்யலீங்க தம்பி.”

“தெரியுமுங்கக்கா. கதைதானுங்களே?”

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. கதைதானே. ஆயுள் முழுக்க நான் சொல்லி வந்த சாக்கை என்னிடமே திருப்பிக் கொடுக்கிறார். அவர் கெட்டவரும் இல்லை. அப்பாவுக்கும் பள்ளிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை, ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோசத்தில் நிற்கிறார். அந்த வழியை உண்டாக்கியதே நான்தான்.

ஆகவே வாசகரே, நிலைமை இதுதான். இந்தக் கதையில் நாலு வரி மழை பெய்தால் செங்காட்டுப்புதூர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பறை கிடைத்துவிடும். ஒரு கதைக்கு இவ்வளவு பலம் இருந்து நான் பார்த்ததில்லை. இதுநாள் வரை நான் எழுதிய எந்தக் கதையும் ஒரு சன்னலைக்கூடத் திறந்ததில்லை.

டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்குப் பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“மழைன்னு எழுதுனா இந்த வருசம் கதவு தொறந்துரும்” என்றார். “அடுத்த வருசம் நர்சம்மா மறுபடியும் பெட்டியத் தூக்கீட்டு வந்து நிப்பாங்க. அன்னைக்கு மழைக்கு நான் எங்கீங்க போவேன்?”

“சரிதானுங்க டீச்சர்.”

“சரியெல்லாம் இல்லீங்க. இதா, எனக்குப் பின்னால அறுபது புள்ளைக மண்ணுல உக்காந்திருக்குதுக. அதுககிட்டக் கேட்டா, எழுதச் சொல்லுங்க டீச்சர்னுதான் சொல்லும். அதுவும் நெசந்தானுங்க. என்ற வைராக்கியத்துக்கு அதுக ஏனுங்க மண்ணுல உக்காரோணும்? பூட்டுப் போட்ட நாள்ல இருந்து அதையேதான் நெனச்சுட்டு இருக்கறேன்.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “ஆனா நான் பண்ணுனது தப்பில்லீங்க. தப்புன்னு யாரு எழுதுனாலும் அது என்ற கதையில்லீங்க.”

9

எனக்குத் தெரிந்த முடிவுகளைச் சொல்கிறேன்.

மழை பெய்கிறது. மலர் வருகிறது. மாடு கன்றோடு நுழைகிறது. நஞ்சுண்டன் டீச்சருக்குச் சால்வை போர்த்துகிறார், கைதட்டு. பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகின்றன. அடுத்த ஐப்பசியில் நர்சம்மா வரும்போது—

[இதற்குமேல் எழுத வரவில்லை.]

மழை பெய்யவில்லை. தை பிறக்கிறது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பைபாஸ் ஓரத்தில் லாரிகளுக்கு இடைவெளி பார்த்து நிற்க, சாய்ப்ரியா முதலில்—

[இதையும் எழுத மாட்டேன்.]

நஞ்சுண்டன் ஒரு நாள் தானாகவே மனம் மாறி, சாவியைக் கொண்டுவந்து—

[நல்ல முடிவு. எனக்குப் பிடித்த முடிவும் அதுதான். ஆனால் அதில் பாருங்கள், மறுபடியும் ஒருத்தர் மனசு இளகுவதற்காக ஒரு பள்ளிக்கூடமே காத்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் காத்திருப்பே எனக்கு ஆகவில்லை.]

சபரீஷ் நேற்று வந்து பதில் கேட்டார். மலரை அச்சடிக்க முடியாது, வேறு அச்சகத்தில் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். “எதுக்குங்கக்கா இத்தனை பிடிவாதம்? நாலு வரிதானுங்களே” என்றார். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். ஆனால் அந்த நாலு வரியை என் மிசினில் ஓட்ட மாட்டேன். வேறு யாராவது எழுதிக் கொடுத்தால், பெய்துவிட்டுப் போகட்டும், நான் குடை பிடிக்க வரமாட்டேன்.

நீங்கள் இந்தக் கதையை விழா மலரில் படிக்கவில்லை. வேறு எங்கோ, மழை இல்லாமல் படிக்கிறீர்கள். அதனால் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. என் கதை நிஜத்தைச் சொன்னது, பிள்ளைகள் மண்ணில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் ஒருசேரத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

இல்லை, சொல்ல வேண்டாம். முடிவு நன்றாக இல்லை என்று எனக்குப் போன் செய்யாதீர்கள். டீச்சர் செய்தது சரியா என்று பட்டிமன்றம் நடத்தாதீர்கள். அந்த நிலம் அரசாங்கத்தினுடையது, அதாவது உங்களுடையது. அந்தப் பிள்ளைகளுக்குச் சுவர் எழுப்பாமல் விட்டதும் நீங்கள்தான், நானும்தான். பி.இ.ஓ. ஆபீசுக்கு யார் போகிறீர்கள், ஊர்க் கூட்டத்தில் யார் எழுந்து பேசுகிறீர்கள், நஞ்சுண்டன் வீட்டுக் கூடத்தில் காப்பி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சாவியை யார் கேட்கப்போகிறீர்கள் என்பதெல்லாம் என் கையில் இல்லை.

திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் பிள்ளைகள் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால்தான் வரிசையாக நிற்பார்கள். பெருந்துறையிலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. வந்து திறந்துவிடுங்கள்.